அறுபது ஆண்டுக்கு முந்தைய புயல் நினைவிருக்கிறது, காலையில் போட்ட மாத்திரை நினைவில்லை: ஏன்?

தங்கச்சிமடத்தில் இருக்கும் உங்கள் தந்தைக்கு எழுபத்தேழு வயது. 1964 தனுஷ்கோடிப் புயலைக் காற்று திரும்பிய திசை உட்பட ஒன்று விடாமல் சொல்கிறார். ஆனால் காலையில் இரத்த அழுத்த மாத்திரை போட்டாரா என்று பதினோரு மணிக்குக் கேட்டால் விழிக்கிறார். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறார். இதோடு, கடல் ரயிலை இழுத்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சில ஆண்டுகளாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். அன்றிரவு அவர் வீட்டை விட்டு நகரவே இல்லை என்கிறார் உங்கள் அத்தை. பழைய நினைவுகளே மூளையை நிரப்பிவிட்டதால் புதியவற்றுக்கு இடமில்லாமல் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் வேறு மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதா, அவர் பொய் சொல்கிறாரா, அந்தப் பழைய நினைவையாவது நம்பலாமா. நான் நரம்பியல் படித்த மருத்துவர். ராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்து வரும் முதியவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆனாலும் நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. மறதி எப்படி நிகழ்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், மூளை நிரம்புவதில்லை. பழைய நினைவு இடத்தை அடைத்துக்கொண்டதால் புதியது நுழைய முடியாமல் போகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நினைவு என்பது நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளின் வலிமையில் ஏற்படும் மாற்றம். ஒன்றாகச் சேர்ந்து இயங்கிய செல்களின் இணைப்பு நெடுநேரம் வலுப்பட்டே இருப்பதை 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் காட்டினார்கள். கடல் முயல் என்ற நத்தையினத்தை வைத்து, கற்றல் இந்த இணைப்புகளை எப்படி மாற்றுகிறது என்று விளக்கிய எரிக் கண்டெலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அளவுக்கு ஐயமில்லை. இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி, ஒரு சம்பவம் முழுப் படமாக எங்கேயும் எடுத்து வைக்கப்படுவதில்லை என்பதுதான். பார்த்தது, கேட்டது, பயந்தது எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. நினைவுகூரும்போது அவை மறுபடி சேர்த்துக் கட்டப்படுகின்றன. வாசலில் கோலம் போடுவதை எண்ணிப் பாருங்கள். நேற்றைய கோலத்தை யாரும் எடுத்து வைத்திருந்து இன்று விரிப்பதில்லை. புள்ளிக் கணக்கு கைக்குத் தெரியும். கோடுகளை ஒவ்வொரு காலையும் புதிதாகத்தான் இழுக்கிறோம். எங்கேயாவது ஒரு இழை மாறிப்போனால், அடுத்த முறை மாறியதையே கை இழுக்கும். உங்கள் அப்பாவின் ரயில் நினைவுக்கு வரும்போது இது உதவும்.

புதியது ஏன் பதிவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரின் கதையைச் சொல்லியாக வேண்டும். வலிப்பு நோயால் துன்பப்பட்ட அவருக்கு 1953இல், இருபத்தேழாம் வயதில், மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அறுத்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் 2008இல் இறக்கும் வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால், முதன்முறை பார்ப்பதாகவே எண்ணுவார். இளமைப் பருவம் மட்டும் நினைவில் இருந்தது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரப் படத்தின் கோட்டை வரைய வேண்டும். மூன்றாம் நாள் அவர் கை அதைச் சரளமாகச் செய்தது. ஆனால் அப்படி ஒரு பயிற்சியைச் செய்ததே அவருக்குத் தெரியவில்லை.

நினைவு ஒன்றல்ல, பல என்பது இதனால் உறுதியானது. நடந்ததை நினைவில் வைப்பதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்துக்கு அது தேவையில்லை. அதை மூளையின் வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன. மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். பேத்தியின் பெயர் வரவில்லை, என்ன மாதம் என்று சொல்ல முடியவில்லை. மகன் பையில் வைத்திருந்த கிழிந்த வலைத்துண்டையும் நைலான் நூல் சுற்றிய ஊசியையும் அவர் மடியில் வைத்தார். பெரியவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணியை அளந்து பிடித்தன, ஊசி உள்ளே போய் வெளியே வந்தது, ஒவ்வொரு முடிச்சும் இறுகியது. ஐந்தாறு கண்ணி முடிந்ததும் நிமிர்ந்து, இது யாருடைய வலை என்று கேட்டார். வலை அவருடையதுதான். இத்தகைய காட்சியைப் பார்த்துவிட்டு, கை இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறதே, இவருக்கு நோயே இல்லை என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவதுண்டு. அது தவறு. கைப்பழக்கம் இருப்பது, மற்ற நினைவு நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது.

இனி புயல். வயதானவர்களிடம் அண்மைய நினைவு முதலிலும் பழைய நினைவு கடைசியிலும் அழிகிறது என்று பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இலேயே எழுதினார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் நாம் செய்யும் ஒப்பீடு நியாயமானதில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவை ஒரு பக்கமும், போன செவ்வாய்க்கிழமை காலை போட்ட மாத்திரையை இன்னொரு பக்கமும் வைக்கிறோம். அதே 1964 நவம்பரில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள், அது இருக்காது. பதினாறு வயதில் உயிருக்குப் பயந்த ஓர் இரவுதான் இருக்கிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், மூளையின் அமிக்டலா என்ற பகுதி வழியாக அந்த நேரத்து நினைவை அழுத்திப் பதிக்கிறது. இந்தச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு மனத்தை உலுக்கும் கதையைச் சொன்னால், அந்த உலுக்கும் பகுதி மற்றவற்றைவிட அதிகமாக நினைவில் நிற்பதில்லை என்று 1994இல் ஒரு சோதனை காட்டியது. மேலும் பத்து வயதிலிருந்து முப்பது வரையான காலத்து நினைவுகள் எல்லாருக்குமே மிகுதியாகத் தங்குகின்றன.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம், அவர் அந்தக் கதையை அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். திண்ணையில் சொல்லியிருப்பார், கடலில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லியிருப்பார், ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்லியிருப்பார். திரும்ப நினைவுகூர்ந்து சொல்வதே நினைவை உறுதிப்படுத்தும் மிக வலுவான வழி. மறுபடி படிப்பதைவிட, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது நெடுநாள் நிற்கும் என்பது மாணவர்களிடமும் பலமுறை உறுதிசெய்யப்பட்டது. ஆனால் இப்படி உறுதிப்படுவது சம்பவமா, சொல்லிச் சொல்லி உருவான கதையா என்பது வேறு கேள்வி. நீங்களே சோதிக்கலாம். அவர் வழக்கமாகச் சொல்லாத ஒன்றைக் கேளுங்கள்: அன்று மாலை அடுப்பு எரிந்ததா, வீட்டில் என்ன இருந்தது, தம்பி தங்கைகள் எந்த மூலையில் படுத்திருந்தார்கள்? பலர் இங்கே தடுமாறுவார்கள். கதை சரளமாக வருவதால் பழைய நினைவு முழுவதும் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

ரயிலுக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் சண்டை அதனால்தான் என்பது தெரிகிறது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன அந்த ரயில் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் அதை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள், யாரும் பிழைக்கவில்லை. புயல் இருட்டில், தங்கச்சிமடத்தில் இருந்த ஒருவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. எனவே உங்கள் அத்தை சொல்வதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதனால் அப்பா பொய் சொல்கிறார் என்று ஆகாது. பொய் சொல்பவருக்கு உண்மை எது என்று தெரியும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் காட்சி உண்மையாகவே தெரிகிறது. பிணங்கள் கரை ஒதுங்கியதைச் சொன்னவர்கள், தண்டவாளம் முறுக்கிக் கிடந்ததைப் பார்த்து வந்தவர்கள், பின்னாளில் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வந்த படங்கள், தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் இடிந்த தேவாலயம் எல்லாம் சேர்ந்து அவர் மனத்தில் ஒரு காட்சியை உண்டாக்கியிருக்கும். வயது ஏற ஏற, ஒரு விஷயம் நினைவில் நிற்கும்போதே அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு முதலில் உதிர்ந்துவிடும். கேட்டது பார்த்ததாகிவிடும்.

இது உங்கள் அப்பாவுக்கு மட்டும் நேர்வதில்லை. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் நைசர். இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அதே மாணவர்களில் நாற்பத்து நான்கு பேரிடம் மறுபடி கேட்டபோது, ஏறக்குறைய கால்வாசிப் பேர் சொன்னது முழுக்க மாறியிருந்தது. தாங்கள் சொல்வதே சரி என்ற உறுதி மட்டும் அவர்களிடம் குறையவில்லை. தம் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. அவர்கள் இளைஞர்கள், நோயில்லாதவர்கள். கேள்வியின் ஒரு சொல்கூட நினைவை மாற்றும் என்று எலிசபெத் லாப்டஸ் 1974இல் காட்டினார். கார்கள் மோதும் படத்தைப் பார்த்தவர்களில் சிலரிடம் கார்கள் “மோதியபோது” என்ன வேகம் என்றும், வேறு சிலரிடம் “நொறுங்க மோதியபோது” என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து சிதறியதைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, முதல் குழுவில் ஐம்பதில் ஏழு பேரும் இரண்டாம் குழுவில் ஐம்பதில் பதினாறு பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. “அந்த ரயில் போச்சே, பார்த்தீங்களா தாத்தா?” என்று பேரப்பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆவலாகக் கேட்டிருந்தால், அதுவும் தன் பங்கைச் செய்திருக்கும்.

இங்கே விஞ்ஞானம் இன்னும் முடிவு காணாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் இவை உறுதிபோல எழுதப்படுவதால். ஒரு நினைவை எடுக்கும்போதெல்லாம் அது இளகி, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது என்று 2000இல் எலிகளிடம் கண்டார்கள். மனிதர்களிடம் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆகவே கெட்ட நினைவை அழித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய நினைவு காலப்போக்கில் ஹிப்போகாம்பஸின் உதவியே இல்லாமல் நிற்கிறதா, அல்லது அதன் விவரங்களுக்கு என்றைக்கும் அது தேவையா என்பதிலும் அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். சொல்லிப் பழகிய சாரம் தங்குகிறது, விவரம் போகிறது என்று நான் நோயாளிகளிடம் பார்ப்பது இரண்டாம் கருத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அப்புறம், நம் கரைக்குப் பொருத்தமான ஒன்று: தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் தண்ணீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் நன்றாக நினைவுக்கு வரும் என்று 1975இல் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களைக் கொண்டு செய்த சோதனை மிகவும் புகழ்பெற்றது. சங்கு குளித்தவர்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இது சட்டென்று உண்மையாகப் படும். ஆனால் பின்னாளில் அதைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. இடமும் மணமும் ஓசையும் நினைவைத் தூண்டும் என்ற பொதுவான கருத்துக்கு வேறு ஆதாரங்கள் உண்டு. அந்த ஒரு சோதனையை மட்டும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். ஜெர்மானியரான எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னைத்தானே சோதித்து 1885இல் வெளியிட்ட கணக்குப்படி, கற்றதைத் திரும்பக் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பு ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குக் கீழே போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. அதன்பின் சரிவு மெதுவாகிறது. பொருளில்லாத எதுவும் எல்லாருக்கும் அப்படித்தான் போகும். மாத்திரை போடுவது தினமும் ஒரே மாதிரி நடக்கும் செயல். நேற்றைய விழுங்கலும் இன்றையதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கவனமில்லாமல் செய்தால் பதிவே ஆகாது, பதியாததை மறக்கவும் வழியில்லை. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நமக்கும் சந்தேகம் வருகிறதே, அதே கதைதான். எனவே மாத்திரை மறதி ஒன்றை மட்டும் வைத்து நான் கவலைப்பட மாட்டேன்.

ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதுதான் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. கேட்டதை நினைவுபடுத்தினால் “ஆமாம், கேட்டேன்” என்கிறாரா, அல்லது கேட்டதே இல்லை என்கிறாரா? இந்த வேறுபாடு முக்கியம். நான் தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சொல்வேன், எடுத்துக்காட்டாகத் தென்னை, துடுப்பு, சர்க்கரை. வேறு பேச்சுப் பேசிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பேன். வயதால் வரும் மறதியில் சொல் உடனே வராமல் போகலாம். ஒன்று மரம் என்று துப்புக் கொடுத்தால் வந்துவிடும். உள்ளே இருக்கிறது, எடுப்பதுதான் தாமதம். ஹிப்போகாம்பஸ் பழுதாகத் தொடங்கியவரிடம் துப்பும் பெரிதாக உதவுவதில்லை, ஏனெனில் அது பதியவே இல்லை. அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் இடங்களில் இது ஒன்று. இதை வீட்டில் செய்து பார்த்து நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். கவனித்து மருத்துவரிடம் சொன்னால் போதும்.

வழி தெரியாமல் திகைப்பதையும் கவனியுங்கள். இடத்தை அறியும் செல்கள் அதே ஹிப்போகாம்பஸில் இருப்பதை 1971இல் கண்டறிந்த ஜான் ஓகீஃபுக்கு 2014இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உங்கள் அப்பா ராமேசுவரம் கோபுரத்தையும் கரையில் வேறொரு அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, வலை போட்ட இடத்தைக் கண்டுபிடித்தவராக இருப்பார். அப்படிப்பட்டவர் பழகிய தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றால் அது வெறும் வயதில்லை. நினைவைச் சோதிக்கப் பொதுவாக எழுதப்படும் கேள்விகள் நம் மீனவப் பெரியவர்களுக்குப் பொருந்துவதில்லை. பள்ளிக்கூடம் பார்க்காதவரை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது அநியாயம். அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள், இப்போது வீசுவது வாடைக் காற்றா கச்சான் காற்றா, மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டதா என்று நான் கேட்பேன். கரையில் வாழ்ந்தவர் இதில் தவறினால் அதற்குப் பொருள் உண்டு. ஏலத்தில் கணக்கு தவறுவது, எளிதில் சினப்படுவது, யாரோ பணத்தைத் திருடிவிட்டதாகச் சொல்வது ஆகியவையும் அப்படியே.

மறதி என்றாலே அல்சைமர் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு ஆகியவை மறதியாகவே காட்டிக்கொள்ளும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நெடுநாள் மது குடித்தவர்களுக்கு தயமின் என்ற வைட்டமின் பி1 குறைவால் புதியது பதியாத கடும் மறதி வரலாம். அந்த வைட்டமின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்க மாத்திரையும் சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் முதியவர்களின் நினைவை மங்க வைக்கும். டீசல் எஞ்சின் அருகே வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும். பதில் காதில் விழாததால் மறுபடி கேட்பவரை மறதிக்காரர் என்று எண்ணிவிடுகிறோம். காது கேளாமை டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான வாய்ப்பையும் கூட்டுகிறது, அதனால் கேட்கும் கருவி வீண் செலவில்லை. சில நாட்களுக்குள் திடீரென்று குழப்பம் வந்தால் தொற்று, உடலில் உப்புக் குறைவு, அல்லது சில வாரங்களுக்கு முன் விழுந்ததால் தலைக்குள் இரத்தக் கசிவு ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். அது காத்திருக்கும் விஷயமில்லை. அல்சைமர்தான் என்று தெரிந்தால், இன்றிருக்கும் மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும். நோயை நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

உங்கள் நிலையில் நான் செய்யச் சொல்வது இவை. கிழமை எழுதிய அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அறை காலியா என்று பார்ப்பதற்கு நினைவே தேவையில்லை. காலை டீயோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். ரயில் விஷயத்தில் அவரைத் திருத்த வேண்டாம். அத்தையையும் அவர் முன்னால் சாட்சிக்கு நிறுத்த வேண்டாம், ஒவ்வொரு வாதமும் அந்தக் காட்சியை இன்னும் அழுத்தமாக்கும். இருவரின் புயல் கதையையும் தனித்தனியாக, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காதபடி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். “ரயிலைப் பார்த்தீர்களா” என்று கேட்காமல் “அப்புறம் என்ன நடந்தது” என்று மட்டும் கேளுங்கள். ஒன்றுக்கொன்று தெரியாமல் இருவரும் ஒத்துச் சொல்வதைத்தான் நம்பிக்கையாக எழுதி வைக்கலாம்.

இந்த மாதத்துக்குள் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, உப்பு ஆகிய இரத்தப் பரிசோதனைகளை ராமநாதபுரத்திலேயே செய்துகொள்ளலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். அவரோடு தினமும் இருப்பவர் ஒருவர் கூடப் போகட்டும். மறதி எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா என்பதை அவர் மருத்துவரிடம் தனியாகச் சொல்லட்டும்.